இயற்பியல் ப்ராஜெக்ட் செய்யப் போகிறீர்களா? தலைப்புக்கு முன்னால் ஒரு கணக்கு

கடைசி செமஸ்டர் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே துறையிலிருந்து தலைப்பு கேட்பார்கள். அன்று மாலையே சீனியர் ஒருவருடைய ரிப்போர்ட்டை வாங்கி, வேதிப்பொருளின் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிறவர்கள் நிறையப் பேர். மார்க் வாங்க அது போதும். இந்தக் கட்டுரை அவர்களுக்கு இல்லை. படிப்பை முடிப்பதற்குள் ஒரு விஷயத்தையாவது தானே அளந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நேரத்தைப் பற்றி முதலில் தெளிவாக இருங்கள். காகிதத்தில் ஐந்து மாதம் தெரியும். பொங்கல் விடுமுறை, இன்டர்னல், பிராக்டிகல் தேர்வு, கடைசியில் தட்டச்சு, பைண்டிங் எல்லாம் கழித்தால் லேபில் நிற்கக் கிடைப்பது எட்டுப் பத்து வாரம்தான். அதற்குள் முடிகிற வேலையைத்தான் தொட வேண்டும். எது முடியும், எது முடியாது என்பதை ஒரு பக்கக் கணக்கில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கைப் போடாமல் தலைப்பு கொடுக்காதீர்கள்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

‘துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள்: தயாரிப்பும் பண்பறிதலும்’. இது தலைப்பு. இதில் கேள்வி எங்கே இருக்கிறது? வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு, முருங்கைச் சாறு என்று இலையை மாற்றி மாற்றி இதே வேலை நம் கல்லூரிகளில் வருடாவருடம் நடக்கிறது. துகள் வரும், எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) படத்தில் உச்சிகள் தெரியும், முடிவுரையில் ‘துகள்கள் வெற்றிகரமாகத் தயாரிக்கப்பட்டன’ என்று எழுதலாம். தோற்கவே வழியில்லாத ஆய்வில் தெரிந்துகொள்ளவும் ஒன்றுமில்லை.

அதே பொருளை வைத்துக்கொண்டே கேள்வி கேட்கலாம். சூடுபடுத்தும் வெப்பநிலையை 400 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்கு உயர்த்தினால் துகளின் அளவு எத்தனை நானோமீட்டர் மாறும்? இப்போது பதிலில் ஓர் எண் வந்தாக வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘கூட்டல் கழித்தல்’ போட்டு ஒரு பிழையும் வந்தாக வேண்டும். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில், எண்ணாகப் பதில் வரும்படி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

கணக்கு எப்படிப் போடுவது: மதுரையும் கொடைக்கானலும்

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்த்துவிடலாம். மலை ஏறினால் புவியீர்ப்பு முடுக்கம் (ஜி) குறையும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கல்லூரி லேபில் உள்ள ஊசலை வைத்து அதைக் காட்ட முடியுமா? மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை என்பது கூடுதல் வசதி. சென்னையில் அளந்து கொடைக்கானலோடு ஒப்பிட்டால் அட்சரேகை வித்தியாசத்துக்கே 0.01 சதவீதம் திருத்தம் போட வேண்டியிருக்கும். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையமும் ஊட்டியும் இதேபோல நல்ல ஜோடி.

முதலில் விளைவின் அளவு. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஜி மதிப்பு 0.000003 மீட்டர்/வினாடி² அளவுக்குக் குறையும். 2,000 மீட்டருக்கு 0.006. ஆனால் காலுக்குக் கீழே மலை என்ற பாறைத் திரள் இருக்கிறது, அதுவும் இழுக்கும். அதனால் ஏறக்குறைய 0.002 திரும்பி வரும். மிச்சம் 0.004. மொத்தம் 9.78-ல் இது 0.04 சதவீதம். அலைவு நேரம் ஜி-யின் இருமடி மூலத்தைப் பொறுத்தது என்பதால் அதில் பாதி, அதாவது 0.02 சதவீதம்தான் அலைவு நேரத்தில் தெரியும். 2 வினாடி ஊசலை 100 தடவை ஆடவிட்டால் 200 வினாடி. அதில் நாம் தேடுகிற வித்தியாசம் 0.04 வினாடி.

ஸ்டாப் வாட்ச் பிடித்திருக்கும் விரல் 0.2 வினாடி தவறும். தேடுவதைவிட ஐந்து மடங்கு பெரிய பிழை. இருபத்தைந்து தடவை திரும்பச் செய்து சராசரி எடுத்தால்கூடப் பிழை விளைவின் அளவுக்குத்தான் இறங்கி வரும். ஆக, ஸ்டாப் வாட்ச் போதாது. கைபேசியில் இருக்கும் முடுக்கமானியும் உதவாது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி வேறு எத்தனையோ சோதனைகளுக்கு அருமையானது. ஆனால் கைபேசிச் சென்சாரின் சொந்த விலகலே இந்த 0.004-ஐவிட அதிகமாக இருக்கும்.

சரி, ஊசல் ஒளிக்கற்றையை மறைக்கும் நொடியைக் குறிக்கிற ஒளிக்கதவு வைக்கலாம். அகச்சிவப்பு எல்இடி, எதிரே ஒரு ஒளி டிரான்சிஸ்டர், நேரம் குறிக்க ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. செலவு சில நூறு ரூபாய்தான். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். ஆர்டுயினோ யூனோவின் மூன்றாம் பதிப்பில் முதன்மைச் சில்லுக்கு நேரம் கொடுப்பது குவார்ட்ஸ் படிகம் அல்ல, ஒரு பீங்கான் அதிர்வி. அதில் அரை சதவீதம் வரை பிழை இருக்கலாம், வெப்பநிலையோடு அது நகரவும் செய்யும். நாம் தேடுவது 0.02 சதவீதம், கடிகாரத்தின் பிழை 0.5 சதவீதம்! திரையில் மைக்ரோவினாடி வரை இலக்கங்கள் ஓடுவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. டிஎஸ் 3231 என்ற கடிகாரத் தொகுதியை வாங்கிச் சேர்த்தால் இந்தப் பிரச்சினை தீரும். 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்கு. அது வினாடிக்கு ஒன்று வீதம் கொடுக்கும் துடிப்பை வைத்து ஆர்டுயினோவின் நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்து வெப்பநிலை. மதுரையில் பகல் 33 டிகிரி, மலையில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 18 டிகிரி குளிர்ந்தால் 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். ஜி மதிப்பில் இது 0.02 சதவீதம், நாம் தேடும் விளைவில் சரிபாதி. அதுவும் எதிர்த்திசையில்: சுருங்கிய ஊசல் வேகமாக ஆடும், மலையில் ஜி குறையவில்லை என்பதுபோலக் காட்டும். ஆகவே கம்பியோடு ஒரு வெப்பமானியை ஒட்டி வைத்து, ஒவ்வொரு அளவீட்டின்போதும் வெப்பநிலையையும் எழுத வேண்டும். நூல் ஊசல் பக்கமே போகாதீர்கள். கொடைக்கானல் ஈரக்காற்றில் பருத்தி நூல் என்ன செய்யும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

வீச்சு இதைவிட மோசம். ‘சிறிய கோணம்’ என்று பாடப்புத்தகம் சொல்லிவிட்டுப் போய்விடும். 5 டிகிரி வீச்சில் அலைவு நேரம் 0.048 சதவீதம் நீளும், 4 டிகிரியில் 0.030 சதவீதம். மதுரையில் 5 டிகிரியும் மலையில் 4 டிகிரியும் வைத்துவிட்டால் அந்த ஒரு டிகிரியே 0.017 சதவீத வித்தியாசத்தைக் கொடுத்துவிடும். மலையினால் வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் 2 டிகிரிக்குள் வைத்தால் திருத்தமே 0.008 சதவீதத்துக்குள் அடங்கும். காற்றின் மிதப்பு விசை, எஃகுக் குண்டுக்கு, 0.003 சதவீத அளவுக்குத்தான் மாறும். எழுதி வைத்துவிட்டு நகரலாம்.

இவ்வளவும் ஒரு பக்கத் தாளில் அடங்கும். ப்ராஜெக்ட் முடியுமா என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது: ஸ்டாப் வாட்ச், நூல், லேப் ஸ்டாண்டு கொண்டு முடியாது, ஒளிக்கதவு, நல்ல கடிகாரம், எஃகுக் கம்பி, வெப்பமானி இருந்தால் முடியும். கேள்வியும் இப்போது கூர்மையாகிவிட்டது. ‘ஜி-யைக் கண்டறிதல்’ என்பது போய், ‘2,000 மீட்டர் ஏற்றத்தில் ஜி எவ்வளவு குறைகிறது, அதில் மலையின் இழுப்பு தெரிகிறதா’ என்று ஆகிவிட்டது. பதில் 0.006 பக்கமா 0.004 பக்கமா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அது உண்மையான ஆய்வு.

இன்னொரு வசதி. ஒரே ஊசலை இரண்டு இடத்துக்கும் எடுத்துப் போவதால் அதன் நீளத்தை அளக்கவே வேண்டாம். அலைவு நேரங்களின் விகிதம் போதும். பழைய நில அளவையாளர்கள் மாற்றமில்லாத ஊசலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் இதனால்தான். 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நம் கொடைக்கானல் கணக்கில் அது நாளுக்கு 17 வினாடி. பி.எஸ்சி. லேபில் நாம் செய்கிற கேட்டர் ஊசலுக்குப் பெயர் தந்த ஹென்றி கேட்டரும், 1817-ல் அதை உருவாக்குவதற்கு முன் சென்னை மாகாணத்தில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நடத்திய நில அளவையில் வேலை பார்த்தவர்தான்.

லேபில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கைடைப் பார்ப்பதற்கு முன்னால் லேப் அசிஸ்டென்ட் அண்ணனைப் பாருங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருப்பது வேறு, அலமாரியில் வேலை செய்யும் நிலையில் இருப்பது வேறு. எந்த நிறமாலைமானியின் திருகு வழுக்குகிறது, எந்த மல்டிமீட்டர் பொய் சொல்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வெளியே அனுப்பி அளக்க வேண்டிய மாதிரி என்றால் கட்டணம் எவ்வளவு, வரிசை எவ்வளவு நீளம் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அளவீட்டு முடிவு மார்ச் கடைசியில் வந்தால் அதைத் திரும்பச் செய்ய நாள் இருக்காது. திரும்பச் செய்ய முடியாத அளவீட்டை நம்பி ப்ராஜெக்ட்டை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

செலவுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவி இருக்கிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியை முன்கூட்டியே விசாரித்து வைக்கவும்.

கைடிடம் வெறுங்கையோடு போகாதீர்கள்

‘சார், ஏதாவது தலைப்பு கொடுங்க’ என்று போனால் அவரிடம் இருக்கும் பழைய தலைப்புதான் கிடைக்கும். மேலே சொன்ன ஒரு பக்கக் கணக்கோடு போய், ‘மேடம், இப்படி ஒன்று யோசித்திருக்கிறேன், இதில் எங்கே தப்பு?’ என்று கேளுங்கள். தப்பைச் சுட்டிக்காட்ட எல்லா ஆசிரியர்களுக்கும் பிடிக்கும். வாரம் ஒரு நாள், அரைமணி நேரம், குறித்த நேரத்தில் சந்திக்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது காட்ட ஏதாவது ஒரு வரைபடமாவது கையில் இருக்கட்டும்.

எவ்வளவு படிப்பது

ஐம்பது கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொண்டு ஒன்றையும் படிக்காமல் இருப்பதைவிட, மூன்றை வரிவரியாகப் படிப்பது மேல். ஆர்க்சைவ் தளத்தில் 1991 முதல் இயற்பியல் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர் நிலைக்கு ஏற்றவை வேண்டும் என்றால் இந்திய அறிவியல் அகாதெமி வெளியிடும் ‘ரெசொனன்ஸ்’ இதழைப் பாருங்கள், 1996 முதல் எல்லா இதழ்களும் இலவசம். கட்டுரையின் சுருக்கத்தை அடுத்து நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். அவர்கள் எந்தக் கருவியில், எத்தனை தடவை, என்ன பிழையோடு அளந்தார்கள் என்று குறித்துக்கொண்டால் உங்கள் கணக்கோடு ஒப்பிடலாம்.

ஒத்திகை

இரண்டாவது வாரத்துக்குள் முழுச் சோதனையையும் ஒரு தடவை அரைகுறையாகவாவது நடத்திப் பாருங்கள். கம்பி வரவில்லையா, பழைய திரைச்சீலைக் கம்பியில் ஆடவிடுங்கள். அளந்து, கோப்பில் சேமித்து, வரைபடம் போட்டு, பிழை கணக்கிட்டுக் கடைசிவரை போய்ப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். ஊசல் விஷயத்தில் அது பெரும்பாலும் தாங்கியில் இருக்கும். ஊசலோடு சேர்ந்து ஸ்டாண்டும் துளி ஆடினால் அலைவு நேரம் மாறும். ஸ்டாண்டின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, லேசர் பாயின்டரைப் பட்டுத் தெறிக்கவிட்டு எதிர்ச்சுவரில் புள்ளி நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், இரண்டு ஊருக்கும் தூக்கிப் போகக்கூடிய கனமான இரும்புச் சட்டம் ஒன்றைப் பட்டறையில் அடித்து வாங்க வேண்டும். பயணத்துக்கு முன்னால் இது தெரிவது நல்லதுதானே?

அளவெடுக்கும் நாட்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி, இங்கே செல்லாது. ஒவ்வொரு இடத்திலும் 100 அலைவுகள் கொண்ட தொகுப்பு குறைந்தது இருபதாவது எடுங்கள், காலையிலும் மாலையிலும். அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதே உங்கள் தற்செயல் பிழை.

முக்கியமாக, மதுரை, கொடைக்கானல், திரும்பவும் மதுரை என்று மூன்று கட்டமாக அளக்க வேண்டும். மலைப்பாதையில் பஸ் குலுங்கிய குலுங்கலில் குண்டு ஒரு முடியளவு நகர்ந்திருந்தால்? திரும்பி வந்து மதுரையில் அளக்கும்போது பழைய எண்ணே வந்தால்தான் நடுவில் கிடைத்த எண்ணை நம்பலாம். வரவில்லை என்றால் குண்டைக் கம்பியோடு வெல்டிங் செய்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டியதுதான். அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடியுங்கள், அழிக்க வேண்டாம். தேதி, நேரம், வெப்பநிலை, வீச்சு, மின்விசிறி ஓடியதா என்பது வரை இருக்கட்டும். கணினிக் கோப்பில் மூலத் தரவைத் தொடாமல் தனியாக வைத்து, திருத்தங்களையெல்லாம் பைத்தான் நிரலிலோ தனி அட்டவணையிலோ செய்யுங்கள். பிடிக்காத புள்ளியைத் தூக்கிவிடும் ஆசை வரும். காரணம் நோட்டில் அன்றைக்கே எழுதியிருந்தால் தூக்கலாம், பிற்பாடு கண்டுபிடித்த காரணத்துக்காகத் தூக்கக் கூடாது.

விடை நம்பும்படி இருக்கிறதா

நானோ துகள்களையே எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். எக்ஸ்ஆர்டி உச்சியின் அகலத்திலிருந்து ஷெரர் சூத்திரத்தால் துகளின் அளவைக் கணக்கிடுவார்கள். துத்தநாக ஆக்சைடில் 36.25 டிகிரியில் உள்ள உச்சியின் பாதி உயர அகலம் 0.40 டிகிரி, செம்பு எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர் என்றால் விடை சுமார் 21 நானோமீட்டர். அகலத்தை ரேடியனுக்கு மாற்ற மறந்துவிட்டால் 0.36 நானோமீட்டர் வரும். துத்தநாக ஆக்சைடு படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறிய கட்டமான ஓர் அலகுக்கூட்டின் உயரமே 0.52 நானோமீட்டர்! செங்கல்லைவிடச் சின்னதாக ஒரு வீடு கட்டியதுபோல ஆகிவிடும். பாதிக் கோணம் போட வேண்டிய இடத்தில் முழுக் கோணத்தைப் போட்டால் 25 நானோமீட்டர் வரும். இது பார்ப்பதற்கு நியாயமான எண், அதனால் யார் கண்ணிலும் படாது. கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காமல் விடுவது இன்னொன்று. 0.10 டிகிரி கருவி அகலத்தை இருமடிக் கழித்தலில் எடுத்தால் 21 என்பது 21.6 ஆகும். இப்போது யோசியுங்கள்: 400 டிகிரியில் 20.9, 600 டிகிரியில் 21.8 என்று வந்தால் அதைத் துகள் வளர்ந்தது என்று சொல்ல முடியுமா?

கருவியே இல்லாத கல்லூரி என்றால்

திறந்த தரவுகள் இருக்கின்றன. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த நாள் படங்களில் ஒரு கரும்புள்ளியைப் பின்தொடர்ந்தால் அது நாளுக்குச் சுமார் 13 டிகிரி நகர்வது தெரியும். நடுக்கோட்டுக்கு அருகே உள்ள புள்ளியும் தள்ளியுள்ள புள்ளியும் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றனவா என்பது ஒரு செமஸ்டருக்குள் முடிகிற நல்ல கேள்வி. கணினியில் கை பழகியவர்கள் அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலை ஆய்வகம் வெளியிட்டிருக்கும் 2015 செப்டம்பர் 14 ஈர்ப்பலைத் தரவை எடுத்துப் பார்க்கலாம், இலவசம்தான். ஆனால் இங்கேயும் முதலில் அந்த ஒரு பக்கக் கணக்கு வேண்டும்: படத்தில் ஒரு பிக்சல் தவறினால் எத்தனை டிகிரி தவறும்?

கோடை விடுமுறையில் வெளியே போய்ச் செய்ய விரும்பினால் இந்திய அறிவியல் அகாதெமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். கோடைக்கான விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும்.

ரிப்போர்ட்டும் வைவாவும்

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் வரைபடங்கள், அப்புறம் பிழை அட்டவணை, அப்புறம் செய்முறை. பிழை அட்டவணையில் கடிகாரம், வெப்பநிலை, வீச்சு, தாங்கி, மிதப்பு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி. செமஸ்டர் ஆரம்பத்தில் போட்ட கணக்குதான், இப்போது அளந்த எண்களோடு. விளைவு தெரியவில்லை என்றால் ‘0.02 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை’ என்பதுபோல எல்லையைச் சொல்லுங்கள். அதுவும் முடிவுதான். வேறு தளத்திலிருந்து பத்திகளை அள்ளி ஒட்ட வேண்டாம், மென்பொருள் பிடித்துவிடும்.

வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் பெரும்பாலும் மூன்றே விஷயம் கேட்பார்: இதில் நீங்கள் செய்தது எது, பெரிய பிழை எங்கிருந்து வந்தது, இன்னும் ஒரு மாதம் கொடுத்தால் என்ன செய்வீர்கள். இரண்டாவதற்கு அட்டவணையைத் திருப்பிக் காட்டினால் போதும். மூன்றாவதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள். ஊசலைப் பொறுத்தவரை, பஸ் வழியில் வத்தலக்குண்டிலும் பெருமாள்மலையிலும் இறங்கி அளந்து, உயரத்துக்கு எதிராக நான்கு புள்ளிகளோடு ஒரு கோடு வரைவேன் என்று சொல்லலாம்.